பல் விழுந்த சவரக்கத்தி

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடை ஒன்றில், எனாமல் தூக்குகளுக்கும் பூட்டுகளுக்கும் நடுவே ஒரு தகரப் பெட்டியில் கிடந்த மடக்குச் சவரக்கத்தியை வாங்கி வந்தேன். காம்பின் (தகட்டைக் கைப்பிடியோடு இணைக்கும் இரும்புப் பகுதி) ஒரு பக்கம் கத்திகளுக்குப் பெயர் பெற்ற ஊரான 'சோலிங்கன்', மறுபக்கம் 'ஜெர்மனி' என்று முத்திரை இருந்தது. செய்தவர் பெயரைத் துரு தின்றுவிட்டது. இறக்குமதிச் சரக்கில் அது செய்யப்பட்ட நாட்டின் பெயரைப் பிரிட்டன் 1887ஆம் ஆண்டுச் சட்டத்திலும், அமெரிக்கா 1890ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்திலும் கேட்கத் தொடங்கிய பிறகுதான் இப்படி நாட்டின் பெயரைப் பொறிக்கும் வழக்கம் பரவியது. ஆகவே கத்தி அதற்கு முந்தையதாக இருக்க வாய்ப்பு குறைவு. எனக்குக் காய்கறிக் கத்தியும் தச்சு உளியும் தீட்டத் தெரியும். சவரக்கத்தியைத் தீட்டுவது இதுதான் முதல் தடவை. வாய், அதாவது வெட்டும் விளிம்பு, உடைந்த கத்தியோடு தொடங்குகிறவர்களுக்குப் பயன்படும் என்பதால் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் சேதத்தைப் பார்க்க வேண்டும். முதுகு கீழே, வாய் மேலே இருக்கும்படி கத்தியை மேசை விளக்கின் அடியில் பிடித்து, வாயை நேர் மேலிருந்து பார்த்தேன். கூரான வாயில் வெளிச்சம் பட்டாலும் எதுவும் தெரியாது. ஒளியைத் திருப்பி அனுப்பும் அளவுக்கு அதற்கு அகலமே கிடையாது. மழுங்கிய இடமும் உடைந்த இடமும் மட்டும் மின்னும். இந்தக் கத்தியில் காம்பிலிருந்து நுனி வரை மின்னியது. நகை வேலை செய்பவர்கள் வைத்திருக்கும் மடக்கு லென்ஸில் நாற்பது மடங்கு பெரிதாக்கிப் பார்த்தபோது மூன்று விதமான சேதம் தெரிந்தது. நடுவில் பிறை வடிவத்தில் ஒரு பெரிய பல் விழுந்திருந்தது. ஆழம் ஏறத்தாழ 0.7 மி.மீ. ஓரங்கள் சுத்தமாக இருந்ததால் எங்கேயோ மோதி உடைந்தது என்று தெரிந்தது. காம்பை ஒட்டிய மூலையில் வரிசையாகச் சிறுசிறு உடைவுகள். நுனிப் பக்கத்தில் உடைவு எதுவும் இல்லை. வாயை ஒட்டிச் சில கரும்புள்ளிகள் மட்டும் இருந்தன. பெரிய பல்லைப் பார்த்துத்தான் கவலைப்பட்டேன். கடைசி வரை பாடாய்ப்படுத்தியவை அந்தக் கரும்புள்ளிகள்.

பல் விழுந்த கத்தியில் எல்லாவற்றுக்கும் முன்னால் விரிசல் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். விரிசல் முதுகை நோக்கி ஏறியிருந்தால் அந்தக் கத்தியைத் தீட்டவும் கூடாது, முகத்தில் வைக்கவும் கூடாது. லேத் பட்டறைகளில் செய்யும் பழைய சோதனை ஒன்று இதற்கு உதவியது. மண்ணெண்ணெய் தடவிச் சற்று நேரம் விட்டு, நன்றாகத் துடைத்துவிட்டு, சாக்பீஸ் தூளை மெல்லப் பூச வேண்டும். விரிசல் இருந்தால் உள்ளே புகுந்த மண்ணெண்ணெய் மெதுவாக வெளியே வந்து தூளில் கோடாகக் கசியும். என் கத்தியில் தூள் வெள்ளையாகவே இருந்தது. அதன் பிறகுதான் வேலையைத் தொடங்கத் துணிந்தேன்.

துரு எப்படி வந்தது என்று தெரிந்துகொள்ளாமல் வாயைத் தொடுவதில் பயனில்லை. இந்தக் கத்தியில் துரு ஒரே சீராக இல்லை. மடக்கி வைத்தால் கைப்பிடிக்குள் மறைந்திருக்கும் பகுதியில் அதிகமாகவும், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் காம்பில் குறைவாகவும் இருந்தது. கைப்பிடி தந்தம்போல் வெளுத்த செல்லுலாய்டு. அந்தக் காலத்துச் சவரக்கத்திகளில் பரவலாகப் பயன்பட்ட பொருள் அது. நைட்ரோ செல்லுலோஸையும் கற்பூரத்தையும் சேர்த்துச் செய்வார்கள். பழையதாகிச் சிதையத் தொடங்கினால் அதிலிருந்து நைட்ரஜன் ஆக்சைடு வாயுக்கள் வெளிவரும். காற்றின் ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகும். கத்தி மடங்கி உள்ளே கிடக்கிறது, அமிலக் காற்று அதைச் சுற்றியே இருக்கிறது. பிறகு எவ்வளவு எண்ணெய் தடவினாலும் துரு திரும்பத் திரும்ப வரும். கைப்பிடியின் உட்பக்கம் பொடிப்பொடியாக வெடித்திருந்ததைப் பார்த்ததும் அதைக் கழற்றிவிட முடிவு செய்தேன். பித்தளை ஆணியின் தலையை அரத்தால் தேய்த்து, மெல்லிய எஃகுத் துளையாணியை (பஞ்ச்) வைத்துத் தட்டினால் ஆணி வெளியே வந்துவிடும். செல்லுலாய்டு சட்டென்று தீப்பிடிக்கும் பொருள். இயந்திரத்தில் வைத்துத் தேய்க்கவோ சூடாக்கவோ கூடாது. புதுக் கைப்பிடியைத் தேக்குச் சட்டத்தில் அறுத்து, வார்னிஷ் பூசி, 1.6 மி.மீ. பித்தளைக் கம்பியில் இணைத்தேன். அது தச்சு வேலை என்பதால் இங்கே விரிவாகச் சொல்லவில்லை. தீட்டும் வேலை முழுவதும் முடிந்த பிறகே கைப்பிடியை மாட்டினேன். கைப்பிடி இல்லாத கத்தியைக் கல்லில் கட்டுப்படுத்துவது கொஞ்சம் கடினம். காம்பில் துணி சுற்றிக்கொண்டால் சரியாகிவிடும்.

துருவை எடுக்க மண்ணெண்ணெயும் 600 எண் வாட்டர் பேப்பரும் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) போதும். புள்ளிகளின் அடி வரை தோண்டி எடுக்க நினைக்கக் கூடாது. பக்கங்கள் குழிவாகத் தேய்க்கப்பட்டு, வாயை ஒட்டிய இடத்தில் தகடு ஏறத்தாழ 0.1 மி.மீ. தடிமன்தான் இருக்கிறது. பளபளப்புக்கு ஆசைப்பட்டால் மிஞ்சியிருக்கும் இரும்பும் போய்விடும்.

தெருவில் வரும் சாணைக்காரரிடம் கொடுத்தால் ஒரு நொடியில் பல்லை எடுத்துவிடுவாரே என்று வீட்டில் கேட்டார்கள். அரிவாளுக்கும் அரிவாள்மனைக்கும் அவர் கை பொன்னானது. சவரக்கத்திக்கு அந்தச் சக்கரம் ஆகாது. இவ்வளவு மெல்லிய வாய் உலர்ந்த சக்கரத்தில் பட்டதும் சூடேறிவிடும். நீலம் பாரித்தது என்றால் சூடு ஏறத்தாழ 300 டிகிரி செல்சியஸைத் தொட்டுவிட்டது என்று பொருள். கரிம உருக்கு அந்தச் சூட்டில் கடினத்தை இழந்துவிடும். பிறகு எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது. கத்தி செய்தவர்கள் கவனமாகத் தோய்த்து ஏற்றிய அந்தக் கடினம்தான் இதில் விலைமதிப்புள்ள பொருள்.

உருக்கைப் பற்றிப் பேசும்போது இதையும் சொல்ல ஆசை. தென்னிந்தியாவிலிருந்து போன உருக்குக் கட்டிகள் லண்டனில் பெரும் வியப்பை உண்டாக்கின. மைக்கேல் ஃபாரடே, மின்காந்த ஆய்வுகளால் பெயர் பெறுவதற்கு முன்பு, ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற கத்தி செய்பவரோடு சேர்ந்து 1820ஐ ஒட்டிய ஆண்டுகளில் அந்த உருக்கை ஆராய்ந்தார். பல உலோகக் கலவைகளையும் உருக்கிப் பார்த்தார். அந்தக் கலவையில் செய்த சவரக்கத்திகளைப் பிற்காலத்தில் நண்பர்களுக்குப் பரிசாகக் கொடுத்து வந்தார். ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலில் உருக்குக் காய்ச்சப் பயன்பட்ட மண் மூசைகள் தோண்டி எடுக்கப்பட்டிருக்கின்றன. சோலிங்கன் கத்தியைத் தேய்த்துக்கொண்டிருக்கும்போது இந்த நினைவு வந்தால் கை தானாகவே நிதானமாகிறது.

இனி கோணம். காய்கறிக் கத்தியைத் தீட்டும்போது கோணத்தை நம் மணிக்கட்டுதான் காப்பாற்ற வேண்டும். சவரக்கத்தியில் அந்தப் பொறுப்பு முதுகுக்கு உரியது. முதுகும் வாயும் ஒன்றாகக் கல்லில் படியும்படி கத்தியைப் படுக்க வைத்தால், முதுகின் தடிமனும் கத்தியின் அகலமும் சேர்ந்து கோணத்தைத் தீர்மானித்துவிடும். என் கத்தியில் முதுகு 4.5 மி.மீ., முதுகிலிருந்து வாய்க்கு 16 மி.மீ. இரண்டு பக்கமும் சேர்ந்து ஏறத்தாழ 16 டிகிரி. 0.7 மி.மீ. ஆழப் பல்லை எடுக்க அகலத்தில் அவ்வளவும் போக வேண்டும். கூடவே கொஞ்சம் சேதாரமும் உண்டு. அகலம் 15.2 மி.மீ. ஆனால் கோணம் 17 டிகிரிக்கு வரும். சவரத்துக்கு அதில் ஒரு குறையும் இல்லை.

முதுகில் ஒரு சுற்று இன்சுலேஷன் டேப் ஒட்டுவதா, வேண்டாமா என்பதில் கத்திக்காரர்களிடையே ஒத்த கருத்து இல்லை. ஒட்டினால் கோணம் மேலும் ஒரு டிகிரி கூடும். ஒட்டாவிட்டால் வாயோடு சேர்ந்து முதுகும் தேயும். சாதாரணமாகக் கூர் ஏற்றுவதற்கு டேப் தேவையில்லை என்று நினைக்கிறேன். இவ்வளவு இரும்பை எடுக்க வேண்டிய இடத்தில் ஒட்டுவதே நல்லது. இல்லையென்றால் முதுகில் பட்டையாகத் தட்டை விழுந்து கத்தியின் அழகே போய்விடும். ஒட்டி ஆரம்பித்தால் கடைசிக் கல் வரை ஒட்டியே தீட்ட வேண்டும். நடுவில் எடுத்துவிட்டால் கோணம் குறைந்து, வாயை ஒட்டிக் கல்லில் தேய்ந்த பட்டையான சரிவின் மேல் விளிம்பில் கல் பட்டு நிற்கும்; வாயைத் தொடாது.

கல் விஷயம். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் இருபக்கக் கார்போரண்டம் கல் மண்வெட்டிக்கும் அரிவாளுக்கும் ஆனது. அதன் மென்மையான பக்கம்கூடச் சவரக்கத்தியில் ஆழமான கீறல் போடும். நான் பயன்படுத்தியவை 1000, 3000, 8000 எண் கொண்ட ஜப்பானிய நீர்க்கற்கள். எண் ஏற ஏறத் துகள் சிறிதாகும்: 1000 எண் கல்லில் துகள் ஏறத்தாழ 12 மைக்ரான், 8000 எண்ணில் ஏறத்தாழ 1.2 மைக்ரான். கல் தட்டையாக இருப்பது எண்ணை விட முக்கியம். தடித்த கண்ணாடிப் பலகையில் 320 எண் வாட்டர் பேப்பரை நனைத்து ஒட்டி, கல்லின் மேல் பென்சிலால் கட்டம் போட்டு, எல்லாக் கோடுகளும் மறையும் வரை தேய்த்தேன். நடுவில் ஒரு கோடு மிஞ்சினாலும் அந்த இடம் பள்ளம். புதுக் கல்லுக்கும் இதைச் செய்ய வேண்டியிருந்தது.

பெரிய பல்லை எடுக்க இரண்டு வழிகள் உண்டு. கத்தியைப் படுக்க வைத்து, பல் மறையும் வரை இரண்டு சரிவுகளையும் தேய்த்துக்கொண்டே போவது ஒன்று. கத்தியைச் செங்குத்தாக நிறுத்தி, ரொட்டியை அறுப்பதுபோல வாயைக் கல்லில் நேராகத் தேய்த்து, பல்லின் அடிமட்டத்துக்கு மொத்த வாயையும் இறக்கிவிடுவது இன்னொன்று. இரண்டாவது வழியைச் செய்யும்போது நெஞ்சு பதறும். இருக்கிற கொஞ்சநஞ்சக் கூரையும் நம் கையாலேயே அழிக்கிறோம். ஆனாலும் ஆழமான பல்லுக்கு அதுதான் சரி. எல்லா இடத்திலும் ஒரே அளவு இரும்பு போகும். வாயின் கோடு நம் கட்டுப்பாட்டில் இருக்கும். முதல் வழியில் பல்லின் இரு பக்கமும் கை தன்னையறியாமல் அழுத்தும். நாளடைவில் வாயின் நடுப்பகுதி உள்வாங்கிவிடும். உள்வாங்கிய வாய் தாடையில் சரியாகப் படியாது.

நீர்க்கல் மென்மையானது, செங்குத்தாக நிற்கும் கத்தி அதில் பள்ளம் பறித்துவிடும். அதனால் கண்ணாடிப் பலகையின் மேல் ஒட்டிய 600 எண் வாட்டர் பேப்பரில் இதைச் செய்தேன். கத்தியின் எடைக்கு மேல் ஒரு பலமும் கொடுக்கவில்லை. இந்தக் கத்தியின் வாய் நேர்கோடு இல்லை, நடுவில் மிக லேசாக முன்னே வளைந்திருந்தது. அந்த வளைவைக் காப்பாற்ற, ஒவ்வொரு இழுப்பிலும் கையைக் காம்பிலிருந்து நுனியை நோக்கி மெல்ல உருட்டினேன். பிறை சிறுத்துக்கொண்டே வந்து, லென்ஸ் இல்லாமல் தேட வேண்டிய அளவுக்கு ஆனபோது நிறுத்திவிட்டேன். கடைசித் துளியை விட்டுவைக்க வேண்டும். சரிவு போடும்போது அது தானே போய்விடும். முழுவதையும் இங்கேயே எடுத்தால் கத்தியின் ஆயுளில் ஒரு பங்கை வீணாக்கியதாகிவிடும்.

இப்போது மேலிருந்து பார்த்தால் வாய் முழுவதும் வெள்ளிக் கம்பி இழைபோல ஒரே சீரான வெளிச்சக் கோடு. அந்தக் கோடுதான் இனி வழிகாட்டி. 1000 எண் கல்லில் இரண்டு சரிவுகளும் ஒன்றையொன்று சந்திக்கும் இடத்தில் கோடு மறையும். சந்திக்காத இடத்தில் மின்னிக்கொண்டே இருக்கும். எத்தனை இழுப்பு என்று எண்ணுவதில் பொருள் இல்லை. கோடு மறைந்ததா என்பதுதான் கேள்வி. கல்லின் அகலம் கத்தியின் நீளத்தை விடக் குறைவு என்பதால், காம்பிலிருந்து தொடங்கி நுனியில் முடியும்படி குறுக்காக இழுத்தேன். வாய் முன்னே போக வேண்டும். கல்லின் முனையில் திருப்பும்போது முதுகைக் கல்லிலிருந்து எடுக்காமல் அதன் மேலேயே புரட்ட வேண்டும்.

நுனிப் பாதியில் கோடு போய்விட்டது. நடுவிலும் போனது. காம்புப் பக்கத்து மூன்றில் ஒரு பங்கில் மட்டும், மாலை முழுவதும் தேய்த்தும் கோடு அசையவில்லை. கை வேறு, கல் வேறு என்று காரணம் தேடத் தொடங்கினேன். இந்த இடத்தில் எனக்குக் கை கொடுத்தது மார்க்கர் பேனா. இரண்டு சரிவுகளிலும் கறுப்பு மையைப் பூசி, மெதுவாக ஒரே ஒரு இழுப்பு இழுத்துவிட்டுப் பார்க்க வேண்டும். மை அழிந்த இடத்தில் கல் பட்டிருக்கிறது, அழியாத இடத்தில் படவில்லை. காம்புப் பக்கத்தில் மை அப்படியே இருந்தது. கல் அங்கே வாயைத் தொடவே இல்லை.

கல் பள்ளமோ என்று மறுபடி பென்சில் கட்டம் போட்டுப் பார்த்தேன், தட்டையாகத்தான் இருந்தது. கத்தி பக்கவாட்டில் வளைந்திருக்கிறதோ என்பது அடுத்த சந்தேகம். பழைய கத்திகளில் இப்படி லேசான வளைவு சகஜம். வளைந்திருந்தால் ஒரு பக்கத்தில் மை நடுவில் அழியும், மறுபக்கத்தில் இரண்டு ஓரங்களிலும் அழியும். என் கத்தியில் இரு பக்கமும் ஒரே மாதிரி, காம்பு ஓரத்தில் மட்டும் மை மிஞ்சியது. அப்படி வளையவில்லை என்று இதிலிருந்தே உறுதியாயிற்று.

பிறகு வாயை விட்டுவிட்டு மற்ற இடங்களில் கல் எங்கே படுகிறது என்று தேடினேன். விடை கிடைத்தது. கத்தியின் குழிவான தகடு காம்பில் சேரும் இடத்தில் குறுக்காக ஒரு தடித்த மேடு உண்டு. மெல்லிய தகடு நெளியாமல் இருக்க அதைச் செய்திருக்கிறார்கள். அந்த மேட்டின் அடியில், வாயை ஒட்டிய இடத்தில், கடுகளவு பளபளப்பு புதிதாக முளைத்திருந்தது. கத்தி புதிதாக இருந்தபோது வாய் இந்த மேட்டைத் தாண்டி முன்னே நின்றிருக்கும். பல ஆண்டுகள் தீட்டியதில் வாய் பின்வாங்கி, இப்போது பல்லை எடுக்க நான் இறக்கியதும் சேர்ந்து, மேடே கல்லில் உட்கார்ந்துவிட்டது. அது உட்கார்ந்தால் அதை ஒட்டிய வாய் எப்படிக் கல்லைத் தொடும்? தேய்க்கத் தேய்க்க மேடுதான் தேயும். முதுகிலும் அந்த இடத்தில் கூடுதலாகத் தட்டை விழும். தீட்டத் தெரியாதவர் கையில் சிக்கிய பழைய கத்திகளில் காம்புப் பக்கம் கொக்கிபோல வளைந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். காரணம் இதுதான் என்று அப்போது விளங்கியது.

இதற்கு வைத்தியம் எளிது, கொஞ்சம் துணிச்சல் வேண்டும். காம்பை ஒட்டிய மூலையையே பின்னுக்குத் தள்ளிவிட வேண்டும். வாயின் மற்ற பகுதிக்கு டேப் ஒட்டி மூடிவிட்டு, 400 எண் வைரத்தூள் பதித்த தகட்டைத் தண்ணீரில் நனைத்து, மூலையை வட்டமாகத் தேய்த்து, வாய் தொடங்கும் இடத்தை நுனியை நோக்கி ஏறத்தாழ 3 மி.மீ. நகர்த்தினேன். விரலில் சூடு தெரிந்தால் நிறுத்தித் தண்ணீரில் தோய்த்தேன். காம்போரத்துச் சிறு உடைவுகளில் பாதி அந்த மூலையோடு போய்விட்டன. அது கூடுதல் ஆதாயம். வட்டமான மூலை சவரத்தின்போது காதடியில் குத்தாது என்பது இன்னொன்று. மறுபடி மை பூசி ஒரு இழுப்பு. காம்பிலிருந்து நுனி வரை மை துடைத்ததுபோல் அழிந்தது. அதன் பிறகு வெளிச்சக் கோடு மறையச் சிறிது நேரமே பிடித்தது. முன்கையில் வைத்துப் பார்த்தபோது, 1000 எண் கல்லிலேயே, தோலை ஒட்டி முடி வழித்தது.

கற்றுக்கொள்ளத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் கடைசிக் கல்லைப் பற்றித்தான் பேசுகிறார்கள். 8000 போதுமா, 12000 வாங்கலாமா, பெல்ஜியத்து இயற்கைக் கல்லான கோட்டிக்யூல் நல்லதா என்றெல்லாம் விசாரிக்கிறார்கள். வாய் உடைந்த கத்தியில் வேலையின் பெரும்பகுதி முதல் கல்லில்தான் இருக்கிறது என்று அடித்துச் சொல்வேன். சரிவுகள் சந்திக்காத கத்தியை எந்த நுண்கல்லில் தேய்த்தாலும் மழுங்கிய வாய்க்கு மெருகு ஏறும், அவ்வளவுதான். கையில் இருக்கும் பணத்தில் முதலில் ஒரு நல்ல லென்ஸும் மார்க்கர் பேனாவும் வாங்குங்கள்.

3000 எண் கல்லில் நுனிப் பக்கத்துக் கரும்புள்ளிகள் தம் வேலையைக் காட்டின. 1000இல் முழுமையாக இருந்த வாயில், மெருகு ஏற ஏறச் சின்னச் சின்னக் குழிகள் தோன்றின. துரு மேலே புள்ளியாகத் தெரிந்தாலும் உள்ளே அரித்துக்கொண்டு போயிருக்கும். வாய் மெலிந்து அந்த அரிப்பைத் தொடும்போது விளிம்பு நொறுங்கிவிடுகிறது. கல்லின் கீறலால் வரும் பல்லையும் துருவால் வரும் குழியையும் பிரித்தறிவது அவசியம். கீறல் பல் கீறலின் திசையிலேயே இருக்கும். சில இழுப்புகளில் இடம் மாறும், மறையும். துருக்குழி வட்டமாக இருக்கும், உள்ளே கறுப்பாகத் தெரியும், எவ்வளவு மெருகேற்றினாலும் அதே இடத்தில் உட்கார்ந்திருக்கும். முன்னதற்கு அதே கல்லில் பொறுமையாகத் தொடர்ந்தால் போதும். பின்னதற்கு 3000இல் பொழுதைக் கழிப்பதில் பயனே இல்லை; 1000க்குத் திரும்ப வேண்டும். திரும்பினேன். வாயைச் செங்குத்தாக மிக லேசாக ஓட்டிக் கொஞ்சம் இறக்கி, மறுபடி சரிவு போட்டு, லென்ஸில் பார்த்து, மறுபடி இறக்கி என்று போனது. மேலும் 0.3 மி.மீ. அளவுக்கு இரும்பு போன பிறகுதான் சுத்தமான உருக்கு கிடைத்தது. அகலம் ஏறத்தாழ 15 மி.மீ. ஆகிவிட்டது, டேப்பின் கணக்கையும் சேர்த்தால் கோணம் 18 டிகிரியைச் சற்றுத் தாண்டும். ஏற்றுக்கொள்ளத்தக்கதுதான்.

எங்கள் தெரு முனையில் சலூன் வைத்திருந்து இப்போது மகனிடம் விட்டிருக்கும் பெரியவரிடம் கத்தியைக் கொண்டுபோய்க் காட்டினேன். சவரக்கத்தியோடே வாழ்ந்தவர். சென்னையில் 1986இல் எச்.ஐ.வி. கிருமி கண்டறியப்பட்டு, எயிட்ஸ் பற்றிய விழிப்புணர்வு பரவிய பிறகு, ஒருவருக்கு ஒரு பிளேடு என்று மாற்றிப் போடும் கத்திகள் சலூன்களில் நிலைத்துவிட்டன. நல்ல மாற்றம் அது. தீட்டும் கைப்பழக்கம் மட்டும் அவர் தலைமுறையோடு நின்றுவிட்டது. கத்தியின் வாயில் பெருவிரலைக் குறுக்காக, தொட்டும் தொடாமலும் வைத்துப் பார்த்தார்.

"கூர் இருக்கிறது தம்பி. வழுவழுப்பு இல்லை. கல்லில் அழுத்துகிறீர்களா?"

"கடைசியில் கொஞ்சம்தான் ஐயா."

"அந்தக் கொஞ்சம்கூட வேண்டாம். கத்தியின் எடையே அதிகம். கடைசியில் உங்கள் கை கத்தியைத் தாங்கிக்கொண்டுதான் போக வேண்டும்."

8000 எண் கல்லில் அவர் சொன்னபடியே செய்தேன். கல்லின் மேல் தண்ணீர்ப் படலம் நிற்கும்படி நனைத்து, ஒரு பக்கம் ஒன்று, மறுபக்கம் ஒன்று என்று மாற்றி மாற்றி, கத்தியைத் தண்ணீரில் மிதக்கவிடும் பாவனையில் இழுத்தேன். கத்தி சரியாகப் படிந்தால் வாயின் முன்னே ஓடும் தண்ணீர் காம்பிலிருந்து நுனி வரை ஒரே சீராகச் சுருண்டு மேலே ஏறும். எங்காவது ஏறாமல் அடியில் புகுந்தால் அங்கே படியவில்லை. லென்ஸை விட வேகமாக இதைக் காட்டுவது வேறு ஒன்றும் இல்லை.

அடுத்தது தோல் வார். ஆம்பூர்ப் பக்கத்தில் வெட்டி வாங்கிய தாவரப் பதனிட்ட மாட்டுத்தோல் பட்டை, அகலம் 7 செ.மீ. கல்லில் வாய் முன்னே போகும். தோலில் முதுகு முன்னே போக வேண்டும், வாய் பின்னால் இழுபட வேண்டும். வார் தொய்வாக இருந்தால் அது வாயைச் சுற்றி வளைந்து, ஏற்றிய கூர்மையை உருட்டிவிடும். அதனால் ஒரு முனையைக் கதவுக் கொக்கியில் மாட்டி விறைப்பாக இழுத்துப் பிடித்தேன். பெரியவர் தோல் வாருக்குப் பிறகு உள்ளங்கையிலும் இரண்டு இழுப்பு இழுப்பாராம். அதை நான் செய்யவில்லை. கை பழகாதவர்களுக்கு அது வேண்டாம்.

முதல் சவரத்தில் கன்னம் நன்றாக வந்தது. தாடையில் முடியைப் பிடித்து இழுத்தது. லென்ஸில் உடைவு எதுவும் தெரியவில்லை. வெளிச்சத்தைப் பக்கவாட்டில் வைத்துப் பார்த்தபோது வாயின் ஓரத்தில் மயிரிழையிலும் மெல்லிய பிசிறு ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் சமமாகத் தேயாதபோது இரும்பு ஓரத்தில் இப்படி மடிந்து நிற்கும். மீண்டும் 8000 எண் கல்லில் மிக லேசான மாற்று இழுப்புகள், பிறகு முரட்டுக் கேன்வாஸ் துணியில் தடவிய குரோமியம் ஆக்சைடு பசையில் சில இழுப்புகள், பிறகு தோல். குரோமியம் ஆக்சைடின் பச்சைத்தூள் ஏறத்தாழ அரை மைக்ரான் அளவுடையது. பிசிறை எடுக்க இதுபோல் வேறு இல்லை. அடுத்த தடவை தாடையிலும் கத்தி சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு போனது. சவரத்துக்குப் பின் ஈர முகத்தில் படிகாரத்தைத் தேய்த்தால் எரிச்சல் எங்கே இருக்கிறதோ அங்கே கத்தி இன்னும் கரடாக இருக்கிறது, அல்லது கை அழுத்துகிறது என்று தெரிந்துவிடும். என் கீழ்க்கழுத்தில் இன்னும் எரிகிறது. அங்கே குற்றம் கோணத்தில். முதுகைத் தோலுக்கு இன்னும் நெருக்கமாகப் பிடிக்கப் பழகி வருகிறேன்.

இந்த உருக்கில் துருவைத் தடுக்கும் அளவுக்குக் குரோமியம் கிடையாது. ஒரு சொட்டுத் தண்ணீர் தங்கினால் இரவுக்குள் துரு பிடிக்கும். சவரம் முடிந்ததும் துணியை முதுகிலிருந்து வாயை நோக்கி ஒற்றித் துடைத்து, கைப்பிடியின் உட்பக்கத்தையும் துடைத்து, மடக்காமல் காற்றாட வைத்துவிட்டுப் பிறகு தையல் இயந்திர எண்ணெயை ஒரு துளி தடவுகிறேன். தேங்காய் எண்ணெய் வேண்டாம். நாளானால் கெட்டுப்போகும். குளியலறையில் வைக்காதீர்கள், மழைக்காலத்தில் அலமாரியில்கூட வாரம் ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். நுனிப் பக்கத்தில் ஒரு கரும்புள்ளி இன்னும் மிச்சம் இருக்கிறது, வாயிலிருந்து அரை மில்லிமீட்டர் மேலே. அதற்காக இப்போது நல்ல இரும்பைத் தேய்க்கப் போவதில்லை. தோல் வாரிலேயே கூரைக் காப்பாற்றி, கல்லுக்குப் போவதை இயன்றவரை தள்ளிப்போட்டால், வாய் அந்த இடத்துக்கு வந்துசேரப் பல ஆண்டுகள் ஆகும்.